மலையகத்துக்குன்னு சொந்தமா ஒரு பேப்பர் இருந்திச்சா இல்லையா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர், மார்ச் 4

மலையகத்துக்குன்னு, அதாவது இலங்கையில தேயிலைத் தோட்டம் இருக்கிற நம்ம மலைநாட்டுக்குன்னு, சொந்தமா ஒரு பேப்பர் எப்பவுமே இருந்ததில்ல. எல்லாம் கொழும்புல அடிச்சு கோச்சியில ஏத்தி அனுப்பினதுதான். யாழ்ப்பாணத்துக்கு ஈழநாடு இருந்திச்சு, உதயன் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? இருக்குன்னு சொல்றவங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்.

மார்ச் 4, ராத்திரி

பாதி சரி, பாதி தப்பு. அடிச்ச எடம் கொழும்புதான், அதுல சண்டையே இல்ல. ஆனா எந்த ஊர்ல மிஷின் ஓடிச்சுங்கிறத வச்சு யாரோட பேப்பர்னு முடிவு பண்ணிட்டா கோ. நடேசய்யரை எங்க கொண்டு போய் வைக்கிறது? மனுசன் தஞ்சாவூர்க்காரர், அங்கயே வர்த்தக மித்திரன்னு ஒரு பத்திரிகை நடத்தினவர், இங்க வந்து தங்கி தேசநேசன் நடத்தினார், அப்புறம் 1924ல தேசபக்தன். ரெண்டும் கொழும்புல அச்சானதுதான், ஆனா அதுல போட்ட சண்டையில பெரும்பங்கு தோட்டத்துச் சண்டை. வெளியாள் தோட்டத்துக்குள்ள கால் வச்சா அத்துமீறல்னு கேஸ் போடுற காலத்துல, புடவை யாவாரி வேசத்துல உள்ள போய் லயத்தை (தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீட்டை) பாத்துட்டு வந்து எழுதின ஆள். வெள்ளைக்காரத் துரைமாருக்கு டைம்ஸ் ஆப் சிலோன் இருந்திச்சு, அப்சர்வர் இருந்திச்சு, கண்டியில 1854லேர்ந்தே தோட்டத் துரைமாரோட சங்கம் இருந்திச்சு. கூலின்னு கூப்பிட்ட சனத்துக்கு இந்தாளு நடத்தின பேப்பர்தான் இருந்திச்சு.

அதனால பேரு கேட்டீங்கல்ல, முதல் பேரு தேசபக்தன். எழுதிக்கிடுங்க.

மார்ச் 5, விடிகாலை

தூக்கம் வரல, இதையே யோசிச்சுக்கிட்டு கெடந்தேன். யாழ்ப்பாணத்தோட ஒப்பிட்டது எனக்கு ஒத்துக்கல. ஈழநாடு 1959ல ஆரம்பிக்கிறப்ப அங்க வாசிக்கத் தெரிஞ்ச சனம், பள்ளிக்கூடம், வாத்தியாருங்க, லைப்ரரி எல்லாம் ரெடியா இருந்திச்சு. நம்ம பக்கம் நடேசய்யர் பேப்பர் நடத்துன காலத்துல கூலிக் கணக்கப் பாருங்க, 1927ல குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்து, ரெண்டு வருசம் கழிச்சு ஒசந்த மலைத் தோட்டத்துக்கு ஆம்பளைக்கு 54 சதம், பொம்பளைக்கு 43 சதம், புள்ளைக்கு 32 சதம்னு கட்டினாங்க. அதுவும் பேர் விழுந்தாத்தான் (ஒரு நாள் வேலை முழுசாக் கணக்குல ஏறினாத்தான்), மழைக்கு அரைப்பேர்னா அதுல பாதி. இந்தக் காசுல எவன் சந்தா கட்டுவான்? அப்பிடியே கட்டினாலும் தபால் வர்ற வழி தோட்டத்து ஆபீஸ். எந்த லயத்துக்கு என்ன பேப்பர் வருதுன்னு கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரிஞ்சா துரைக்குத் தெரியும்.

மார்ச் 5, மத்தியானம்

மேல எழுதினதோட இதையும் சேர்த்துக்கிடுங்க. வாங்கினவன் கம்மி, கேட்டவன் ஜாஸ்தி. எங்க தோட்டத்துல எனக்கு நெனவு தெரிஞ்ச காலத்துல பேப்பர் வந்தது ஆபீசுக்கு, கடைக்கு, சலூனுக்கு. நாங்க சலூன் கட்சி. ரிட்டயராகிப் போன ஒரு தாத்தா இருந்தார், அவர்தான் வாசிப்பார், மிச்சப் பேரு பெஞ்சியில குந்திக்கிட்டுக் கேப்பாங்க, முடி வெட்ட வந்தவன் பாதித் தலையோட கேட்டுக்கிட்டு இருப்பான், ஏன்னா வெட்டுறவரும் கத்திரிய நிப்பாட்டிட்டுக் கேப்பார். தாத்தாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு, முதல்ல தலைப்பு எல்லாம், அப்புறம் எந்தப் படம் எந்த தியேட்டர்ல, அப்புறம் சம்பளப் பேச்சுவார்த்தை. தன்னோட தொழிற்சங்கத்துச் செய்தின்னா தொண்டை பெருசாகும், மத்த சங்கத்துச் செய்தின்னா இருமல் வந்துரும். "ஏன் தாத்தா அத விட்டுட்டு வாசிக்கிறீங்க"ன்னு யாராச்சும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவன் கேட்டா அன்னைக்குச் சலூன்ல ரகளைதான்.

எல்லாச் செய்திக்கும் முன்னால "நமது நிருபர்"னு வாசிப்பார். நான் ரொம்ப நாள் நமது நிருபர்னா ஒரே ஆள்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஹட்டன்லயும் அவரு, பதுளையிலயும் அவரு, எப்பிடித்தான் பஸ் பிடிக்கிறாரோன்னு.

மார்ச் 5, சாயந்திரம்

பழைய பேப்பர் காம்பரா (லயத்து அறை) செவுத்துக்குப் போகும், அதையும் சொல்லணும்ல. கோதம்ப மாவுல பசை காச்சி ஒட்டுறது, பொங்கலுக்கு முன்னால கிழிச்சுட்டுப் புதுசு. அடுப்புப் பொகையில மூணே மாசத்துல மஞ்சளாகிரும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, பசை காயறதுக்குள்ள எந்தப் பக்கம் மேலன்னு பாக்க மாட்டாங்க, அதனால எங்க வீட்டு மந்திரி ஒருத்தர் வருசம் பூரா தலைகீழாத்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தார். நான் வாசிக்கப் படிச்சது பாதி அந்தச் செவுத்துலதான், பாய்ல படுத்துக்கிட்டே. ஒரு செய்தி பாதியில கேலண்டருக்கு அடியில போயிரும். மிச்சம் என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாரோ ஒரு பாக்டரி ஆபீசர் மேல விசாரணை.

மார்ச் 6

கண்டியிலேர்ந்து ஒரு நண்பர் கோவமா எழுதியிருக்கார், "நீங்க எல்லாம் 1920ல ஆரம்பிக்கிறீங்க, எங்காளு 1882லயே பேப்பர் நடத்திட்டார்"னு. நியாயம். சித்திலெப்பை கண்டியில பொறந்தவர், கண்டியில புரொக்டரா (வக்கீலா) வேலை பாத்தவர், முஸ்லிம் நேசன் ஆரம்பிச்சது 1882 டிசம்பர். எகிப்துலேர்ந்து நாடு கடத்தி இங்க கொண்டாந்த உராபி பாஷாவோட பழகினவர், அசன்பே கதைய 1885ல எழுதினவரும் அவர்தான். ஈழத்துல தமிழ் நாவல்னு எடுத்தா அதத்தான் முதல்ல சொல்லுவாங்க.

"அவர் தோட்டத்து ஆள் இல்லையே, டவுன்காரர்"னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். தோட்டத்துல லயத்துல பொறந்தாத்தான் கணக்குன்னா நடேசய்யரும் அவுட்டு, அவரு தஞ்சாவூர் பிராமணர். என்னைக் கேட்டா ரெண்டு பேரையும் உள்ள விடுங்க. தெல்தோட்டைப் பக்கத்து அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவரையும் சேத்து விடுங்க, அவரு பத்திரிகைக்காரர் இல்ல, ஆனா கோப்பி போய்த் தேயிலை வந்த அந்தக் காலத்துல கண்டி மலையிலேர்ந்து தமிழ்ல பேர் வாங்கின ஆள்.

மார்ச் 7

மீனாட்சி அம்மாளப் பத்தி யாருமே வாயத் தொறக்கல, பாத்துக்கிட்டே இருக்கேன். நடேசய்யரோட மனைவின்னு ஒத்தை வரியில முடிச்சுர்றாங்க. அந்தம்மா தேசபக்தன்ல எழுதினவங்க, ஆசிரியர் வேலையும் பாத்தவங்க. அதவிடப் பெரிய விசயம் பாட்டு. 1931ல ஹட்டன்ல நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் புருசன் பேசுறதுக்கு முன்னால இவங்க பாடுவாங்க, பாரதி பாட்டு, அப்புறம் சொந்தமா கட்டின பாட்டு, எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டுல. 1940ல "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை"ன்னு சின்னப் புத்தகமாவே அடிச்சாங்க. அதுல இருக்கிறது என்னன்னு பாருங்க, அன்னைக்கு நாட்டுல நடந்த அரசியல், இந்தியாக்காரங்கள வேலையிலேர்ந்து நிப்பாட்டுறாங்கங்கிற செய்தி, மந்திரிமாரு மேல கோவம். அதாவது பேப்பர்ல வர வேண்டியது பாட்டுல வருது. வாசிக்கத் தெரியாத சனத்துக்கு ஆசிரியர் தலையங்கத்தப் பாடிக் காட்டினாங்கன்னு வச்சுக்கிடுங்க. அந்தம்மாவ மலையகத்தோட பெரிய பத்திரிகையாளர்னு சொல்ல நான் ரெடி. நடேசய்யரு பேப்பர் எத்தனை பேர் கைக்குப் போச்சோ அதவிட இந்தப் பாட்டு போன காது ஜாஸ்தியாத்தான் இருக்கும்.

இந்த விசயம் எல்லாம் நமக்குத் தெரியுதுன்னா சாரல் நாடன் ஐயாவுக்குத்தான் நன்றி சொல்லணும். நடேசய்யரைப் பத்தி தனிப் புத்தகமே போட்டவர், பழைய பேப்பரத் தேடித் தேடி வாசிச்சு எழுதினவர். அவரு எழுதலன்னா நடேசய்யர் ஹட்டன் பக்கம் வயசானவங்க வாயில ஒரு பேரா மட்டும் நின்னுருப்பார்.

மார்ச் 7, கொஞ்சம் கழிச்சு

"அப்ப எங்க அப்பாயியும் பத்திரிகையாளர்தான், லயம் பூரா செய்தி கொண்டு போவாங்க"ன்னு ஒருத்தர். ஆமா தம்பி, ஆனா அப்பாயிக்கு ஆசிரியர் பீடம் கெடையாது, எல்லாம் நேரா அச்சுக்குப் போயிரும்.

மார்ச் 9

சரி, கண்டிலயோ ஹட்டன்லயோ அச்சடிச்ச பேப்பர் வேணும்னுதானே அடம் பிடிக்கிறீங்க. 60கள்ல கண்டியிலேர்ந்து செய்தின்னு ஒரு வாரப் பத்திரிகை வந்திச்சு. அதே கண்டியிலேர்ந்து மலைமுரசு வந்திச்சு. அப்புறம் 80கள்ல தீர்த்தக்கரை, அந்தனி ஜீவாவோட கொழுந்து, 90கள்ல ஹட்டன்லேர்ந்து நந்தலாலா. பேரு போதுமா?

ஆனா ஏன் 60கள்லங்கிறதுதான் எனக்கு ருசியான கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்க. 1947 எலெக்சன்ல நம்ம சனத்தோட கட்சி, இலங்கை இந்தியன் காங்கிரஸ், 7 சீட்டு எடுத்திச்சு. நுவரெலியாவுல தொண்டமான், தலவாக்கலையில சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில ராஜலிங்கம், கொட்டகலையில குமாரவேலு, மஸ்கெலியாவுல மோத்தா, பதுளையில சுப்பையா, அளுத்நுவரவுல ராமானுஜம். அடுத்த வருசமே நம்ம சனத்தோட பிரஜாவுரிமையப் பறிச்ச சட்டம், அதுக்கு அடுத்தது ஓட்டும் போச்சு. 1952ல ஒருத்தர் கூட உள்ள போகல. 60ல தொண்டமான நியமன எம்பியா எடுத்தாங்க, சனம் ஓட்டுப் போட்டு அவரு திரும்பப் போனது 1977ல. நடுவுல கால் நூற்றாண்டு நம்ம சனத்துக்குப் பேச எடம் எது? ஒன்னு சங்கம், இன்னொன்னு பேப்பர். சங்கத்துல பேச முடியாத படிச்ச இளவட்டம் பேப்பர் பக்கம் வந்திச்சு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் பள்ளிக்கூடத்துல இர. சிவலிங்கம் மாதிரி ஆசிரியர்மாரு ஒரு தலைமுறைய எழுப்பி விட்டாங்க, லயத்துப் பையன் பேனா பிடிக்க ஆரம்பிச்சான், அவன் எழுதுறதப் போட ஒரு எடம் வேணும்ல.

அந்த எடத்துல கொழும்புப் பேப்பரத் திட்டுறவங்க ஒரு ஆள மறக்கக் கூடாது. எஸ்.எம். கார்மேகம். மலையகத்து ஆள், வீரகேசரிக்குள்ள உக்காந்துக்கிட்டு தோட்டத்து எழுத்துக்குக் கதவத் தொறந்து விட்டார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம், சிறுகதைப் போட்டி, அதுல வந்த கதைங்கள 1971ல கதைக்கனிகள்னு தொகுப்பாப் போட்டது எல்லாம் அவரு இருந்ததாலதான். தெளிவத்தை ஜோசப் பெரிய எழுத்தாளரா வளர்ந்தது அந்தப் போட்டிக் காலத்துலேர்ந்துதான். வீரகேசரிய 1930ல ஆரம்பிச்சது சுப்பிரமணியம் செட்டியார், ஆவணிப்பட்டிக்காரர், அதுக்கும் தோட்டத்துக்கும் பொறப்புல ஒட்டு உறவு இல்ல. ஆனா நம்மாளு ஒருத்தர் உள்ள போய் நின்னதும் அந்தப் பேப்பர் கொஞ்சம் நம்ம பக்கம் திரும்பிச்சு. அதனால "கொழும்புப் பேப்பர்"னு ஒரேயடியா ஒதுக்கிர்றது எனக்குச் சரியாப் படல.

மார்ச் 10

நிருபர்மாரப் பத்தி ஒரு கேள்வி வந்திருக்கு, சம்பளம் எப்பிடின்னு. எங்க மாமா ஒருத்தர் பகுதிநேர நிருபர். பேப்பர் பேரு சொல்ல மாட்டேன். சம்பளம் கெடையாது, அச்சான செய்திய வெட்டி ஒரு கொப்பியில ஒட்டி மாசக் கடைசியில அனுப்பணும், காலம் இஞ்சிக் கணக்குல சல்லி, அதாவது பத்தி எத்தனை அங்குலம் நீளம்னு பாத்துக் காசு. மாமா அடிமட்டம் வச்சு அளப்பார். தலைப்பு பெருசாப் போட்டுட்டா ஒரே சந்தோசம், ஏன்னா தலைப்பும் அளவுல சேரும். எழுதுறப்பவே இஞ்சி இழுக்கிற மாதிரி எழுதுவார், "மேற்படி தோட்டத்தில் கடமையாற்றும் தொழிலாளர்கள்"னு. தொழிலாளிங்கன்னு எழுதினா முடிஞ்சு போற எடத்துல. கொழும்புல இருக்கிற ஆள் அதச் சிவப்புப் பேனாவுல வெட்டித்தான் போடுவார். ரெண்டு பேருக்கும் நடுவுல அது ஒரு யுத்தம்.

அனுப்புறது பஸ்ல. கவர ஒட்டி கொழும்பு பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து, புறக்கோட்டையில ஆள் வந்து எடுத்துக்கிடும். மண் சரிஞ்சு ரோடு மூடினா மண் சரிஞ்ச செய்தியே போகாது. அது என்ன கொடுமைன்னா மண்சரிவு செய்திதான் மாமாவுக்கு முதல் பக்கம் கெடைக்கிற ஒரே சான்ஸ்.

சல்லி பல மாசம் வராது. வந்தாலும் பஸ் காசுக்குக் காணாது. ஆனா தோட்டத்துல துரை கூட மாமாவப் பாத்தா காரை ஸ்லோ பண்ணுவார், அந்த மரியாதைக்குத்தான் மனுசன் ஓடினது. கஷ்டம் என்னன்னா எழுதவும் முடியாது பாருங்க. துரையப் பத்தி எழுதினா மாமிக்குப் பிரட்டுல (காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற எடத்துல) கஷ்டமான மலை கெடைக்கும், சங்கத் தலைவரப் பத்தி எழுதினா வீட்டுக்கு ஆள் வரும். அதனால எழுதினது பூரா கோயில் திருவிழா, இல்ல விபத்து. மலையகச் செய்தின்னா ஏன் எப்பவும் தேரும் மண்சரிவும் குளவிக் கொட்டும்னு கேக்குறீங்கல்ல, காரணத்துல பாதி இதுதான்.

மார்ச் 12

சங்கப் பேப்பர் எல்லாம் பேப்பர் கணக்குல வராதுன்னு ஒருத்தர் சொல்றார், தலைவர் மாலை போட்டுக்கிட்டு நிக்கிற படம் நாலு, அறிக்கை ரெண்டு, அவ்வளவுதானேன்னு. பெரும்பாலும் அப்பிடித்தான், நான் மறுக்கல. ஆனா சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஆள் கையில போனா வேற மாதிரி ஆகும். மடக்கும்புர தோட்டத்துல 1914ல பொறந்தவர், தலவாக்கலை எம்பி, கவிஞர், இங்கிலீசுலயும் எழுதினவர். அப்புறம் தேசிய தொழிலாளர் சங்கத்தோட இருந்தப்ப மாவலி நடத்தினார். லயத்துப் பாட்டத் தேடித் தேடிச் சேத்து 1983ல புத்தகமாக் குடுத்தார், அடுத்த வருசம் செத்துப் போனார். கேள்வி போட்ட தலவாக்கலைக்காரர் இவரு பேரையாவது சொல்லிருக்கலாம், அவரோட சொந்த எம்பி!

சங்கப் பேப்பர இன்னொரு காரணத்துக்காகவும் தூக்கிப் போட மனசு வரல. 1940ல முல்லோயாவுல போலீஸ் சுட்டுச் செத்த கோவிந்தன், 1977ல டெவன் தோட்டத்து நெலத்த எடுக்க வந்தப்ப சுடுபட்ட சிவனு லெட்சுமணன், இவங்க எல்லாம் பெரிய பேப்பருக்கு ரெண்டு மூணு நாள் செய்தி. வருசா வருசம் தேதி வச்சு ஞாபகப்படுத்தினது சங்க மேடையும் சங்கத்துத் தாளும் சின்னப் பத்திரிகையும்தான். அதுல மாலை போட்ட படம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

மார்ச் 15

ஏன் எதுவும் நிக்கலன்னு கேட்டதுக்கு இப்பத்தான் உக்காந்து எழுதுறேன். எழுத ஆள் இல்லன்னு சொல்ற கதைய நான் நம்பல. மூணு காரணம் எனக்குத் தெரிஞ்சு, மூணும் ஒன்னுக்குள்ள ஒன்னு. விளம்பரம் இல்ல. ஹட்டன், கண்டி, பதுளை டவுன்ல நகைக்கடை, புடவைக்கடைக்காரங்க முதல் இதழுக்கு முகத்துக்காகக் குடுப்பாங்க, மூணாவது இதழுக்கு மொதலாளி ஊர்ல இல்ல. ரெண்டாவது, வித்த காசு திரும்பி வராது, கடைக்காரன் அடுத்த தடவை பாப்போம்பான், அந்தக் காச வாங்க பொகவந்தலாவைக்கும் வெலிமடைக்கும் பஸ்ல போய் வர்ற செலவு காசவிட ஜாஸ்தி. மூணாவது, வாசிக்கிற ஆளே கெளம்பிப் போனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல, பிரஜாவுரிமை இல்லாம நின்ன நம்ம சனத்துல 525,000 பேர இந்தியாவுக்குன்னு எழுதினாங்க, 300,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமைன்னு, மிச்சம் 150,000த்த 1974ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. அத்தனை பேரும் போகல, ஆனா போனவங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் எத்தனை, சந்தா கட்டினவன் எத்தனை? ஒரு பேப்பர் நிக்கணும்னா அடுத்த வருசமும் வாசகன் அதே விலாசத்துல இருக்கணும். நம்மாளுக்கு அடுத்த வருசம் எந்த நாட்டுல இருப்போம்னே தெரியாது. கார்மேகமே கடைசியில தமிழ்நாட்டுக்குத்தான் போனார். நம்ம பழைய வாசகர் இன்னைக்குக் கூடலூர்லயும் கோத்தகிரியிலயும் தினத்தந்தி வாசிச்சுக்கிட்டு இருக்கார்.

யாழ்ப்பாணத்தோட ஒப்பிடுறதுக்கு இதுதான் என் பதில். அங்கயும் குண்டு விழுந்திச்சு, பிரஸ்ஸ எரிச்சாங்க, ஆனாலும் வாசகனுக்குக் காணி இருந்திச்சு. இங்க வாசகன் குந்தியிருந்த காம்பராவே கம்பனியோடது.

மார்ச் 16

"இப்ப எல்லாம் வாட்ஸ்அப்புலயே வருதே, பேப்பர் எதுக்கு"ன்னு ஒரு பொடியன். தம்பி, எங்க லயத்து குரூப்புல நேத்து வந்தது: காணாமப் போன ஆடு, யாரோட பொறந்தநாளோ கேக், "சம்பளம் கூடிருச்சு"ன்னு பொய்ச் செய்தி, அது பொய்னு இன்னொரு பொய்ச் செய்தி. சலூன் தாத்தா இருந்திருந்தா ரெண்டுக்குமே இருமியிருப்பார்.

மார்ச் 21

பழசு எங்க பாக்கலாம்னு நெறைய பேரு கேட்டுட்டீங்க. ஈழத்துப் பழைய பத்திரிகை எல்லாம் சேத்து வச்சிருக்கிற நூலகம் இணையத் தளத்துல போங்க, கொழுந்து, தீர்த்தக்கரை, நந்தலாலான்னு ஒவ்வொரு பேராப் போட்டுத் தேடுங்க, ஒரு இதழ் கெடைச்சா அதுலேர்ந்து இன்னொன்னு வரும், ராத்திரி போயிரும். கொழும்புக்குப் போறவங்களுக்கு அரசாங்கத்துச் சுவடிக்கூடம் இருக்கு, ஆனா அடையாள அட்டை கொண்டு போங்க, வேலை நாள்ல போங்க.

அதுக்கு முன்னால ஒரு விசயம். வீட்டுல யாராச்சும் பெரியவங்க பொட்டியில மலைமுரசு, செய்தி, மாவலி, எதாச்சும் ஒரு கிழிஞ்ச இதழ் இருந்தா போத்தல் பேப்பர்காரனுக்குப் போடாதீங்க. போன்ல எடுங்க, ஆனா சும்மா அட்டைய மட்டும் எடுத்து பேஸ்புக்குல போட்டு லைக் வாங்கிட்டு விட்ராதீங்க, எல்லாப் பக்கமும் எடுங்க, விளம்பரத்தையும் விடாதீங்க. ஹட்டன்ல எந்தக் கடை எந்த வருசம் இருந்திச்சுன்னு அதுலதான் தெரியும், யாரு உண்மையிலேயே காசு குடுத்தாங்கங்கிறதும் அதுலதான் இருக்கு.

பதுளைக்காரங்க ஏன் இன்னும் பேசாம இருக்கீங்க? ஊவா பக்கத்துல வந்த பத்திரிகை எதையுமே நான் சொல்லல, உங்க பக்கத்துக் கதைய நீங்கதான் போடணும். ஆனா தயவுசெஞ்சு சண்டைய பண்டாரவளையா பதுளையான்னு ஆரம்பிக்காதீங்க.